கைப்பிடியில் ஒரு கை

மே 2, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. மதியம் லாரி வந்தது. கனி குடங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆசீர் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரு நோட்டீஸோடு வந்தான். கடற்கரைச் சாலையில் உப்பு வியாபாரி ஒருவருடைய அறக்கட்டளை திறந்தவெளி அரங்கம் ஒன்று கட்டியிருக்கிறதாம். பெயர் முத்துச்சிப்பி. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நிகழ்ச்சி. அனுமதி இலவசம்.

"அண்ணாச்சி, வீல்சேர் நேரா உள்ள வரைக்கும் போவுதாம். ஒரு படிகூட கிடையாதாம். வீல்சேர் நுழையுத மாரி தனியா கக்கூஸே கட்டியிருக்கான்னா பாத்துக்கிடுங்க."

"இந்நேரம் அதுக்குள்ள வெளக்கமாறும் பினாயிலும் அடுக்கி வச்சிருப்பான். போலே" என்றேன்.

கனி நோட்டீஸை மடித்துக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தாள். வேண்டாத காகிதத்தை ஆணியில் குத்துகிறவள் இல்லை என் மனைவி.

முப்பது வருஷம் திருச்செந்தூர் லைனில் பஸ் ஓட்டி டிரிப் ஷீட் எழுதிய கை இது. லக்கேஜ் கட்ட பஸ் மேலே ஏறி, இறங்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த டைரி. என் கையெழுத்து கனிக்குப் புரியாது என்பது ஒரு வசதி.

மே 3, சனி

போகவில்லை. வெயில்.

மே 6, செவ்வாய்

பின் தெருவில் சடங்கு வீடு. ஸ்பீக்கர் கட்டி காலையிலிருந்து பாட்டு. கனி கையில் கரண்டியோடு அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். புளிக்குழம்பு அடிப்பிடித்து எனக்கு மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினாள்.

சனிக்கிழமை அந்த அரங்கத்துக்குச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டேன். ஆசீர் தொந்தரவு தாங்கவில்லை.

மே 10, சனி

போய் வந்தோம். எழுத நிறைய இருக்கிறது.

ஆசீர் என்னை அள்ளி ஆட்டோவில் வைத்தான். அந்த நேரம் மட்டும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு பஸ் நிறைய ஜனத்தைச் சுமந்தவன் நான். என்னை இன்னொருத்தன் சுமப்பதைப் பார்க்கப் பிடிக்காது. வண்டியை மடித்துப் பின்னால் கட்டினான். வண்டி என்றால் என் சக்கர நாற்காலி. போன தீபாவளிக்கு மூத்த மகன் சார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய புது வண்டி. பிரேக் பிடித்தால் பாறை.

குறை சொல்லலாம் என்றுதான் அரங்கத்துக்குள் போனேன். கேட்டிலிருந்தே சாய்தளம். ஏற்றம் தெரியாமல் மெதுவாக ஏறுகிறது. நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் சமதளமாக விட்டிருக்கிறார்கள். வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒடித்துத் திரும்ப முடிகிறது. தரையில் நல்ல சொரசொரப்பு. எவனோ விவரம் தெரிந்தவன் போட்ட ரோடு. நானே உருட்டிப் பார்க்கலாம் என்று சக்கரத்தில் கை வைத்தேன். "கைய எடுங்க, விரலு மாட்டிக்கிடும்" என்று பின்னாலிருந்து தள்ளினாள் கனி.

மேடைக்கு நேர் எதிரே, வரிசைகளின் நடுவில், அகலமாக ஒரு தளம். சக்கர நாற்காலிப் படம் வரைந்த போர்டு. அந்தத் தளம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி! ஒன்றில் துண்டு, ஒன்றில் கைக்குட்டை, ஒன்றில் ஒற்றைச் செருப்பு. நம் ஆட்கள் இடம் பிடித்துவிட்டார்கள்.

பொறுப்பாளர் ஜெனோவா ஓடி வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் அட்டை.

"வாங்க ஐயா, இது உங்களுக்கான இடந்தான். கட்டி முடிச்சப்ப வெறுந்தரையா விட்டுட்டாங்க. வர்றவங்கள உக்கார இடமில்லாம நிக்க வைக்கலாமா? அதான் நாங்களே நாற்காலி வாங்கிப் போட்டோம்."

"ஏம் தாயி, நான் நாற்காலியோடதான வந்திருக்கேன்? எனக்கு எதுக்கு இன்னொரு நாற்காலி?"

அவள் என்னைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு தொண்டர்கள் என் அக்குளில் கை கொடுத்துவிட்டார்கள். முன் வரிசை சோபாவில் என்னைச் சாய்த்துவிட்டு வண்டியை மேடைக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்களாம். பத்திரமாக! "எடுலே கைய" என்று நான் போட்ட சத்தத்தில் மேடையில் மைக் சரிபார்த்தவன் நிறுத்திவிட்டான்.

பிறகு ஜெனோவாவே நாற்காலிகளை அடுக்கி எடுத்தாள். கனிக்கு மட்டும் ஒன்று போட்டாள். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாமா என்று கேட்டாள். "பொன்னாடை வேண்டாம் தாயி, மறைக்காம நின்னா போதும்" என்றேன். சிரித்துவிட்டாள். நல்ல பிள்ளை.

பட்டிமன்றம். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா. அரைத்த மாவுதான். ஆனால் மேடைக்குப் பின்னால் கடல், மூஞ்சியில் உப்புக்காற்று, சுற்றிலும் ஜனம். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு பேச்சாளருக்கு "உக்காருய்யா" என்று குரல்கூட கொடுத்தேன்.

கனியின் வலது கை நிகழ்ச்சி முழுக்க என் வண்டியின் கைப்பிடியில் இருந்தது.

மே 11, ஞாயிறு

நடுவர் கடைசியில் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னார் என்று கனியிடம் கேட்டேன்.

"தீர்ப்புச் சொன்னாரா?" என்றாள்.

மே 14, புதன்

முதுகில் புண் வராமல் இருக்கக் கனி புரட்டிப் படுக்க வைத்து எண்ணெய் தடவினாள். கேஸ் தீர்ந்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

மே 17, சனி

இன்று தளத்தில் நாற்காலி இல்லை. நிற்க வேண்டிய இடத்தை மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நமக்கென்று ஒரு பிளாட்ஃபாரம் இருக்குமே, அதுபோல. ஒரு குடும்பம் அதில் ஜமுக்காளம் விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தது. நான் ஹாரன் மாதிரி வாயாலேயே ஒரு சத்தம் கொடுத்தேன். ஜமுக்காளம் சுருண்டது.

அந்தக் கக்கூஸையும் பார்த்துவிட்டேன். வெளக்கமாறு இல்லை. அகலக் கதவு, உள்ளே வண்டியைத் திருப்ப இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி. இரண்டு வருஷமாக எங்கேயாவது கிளம்புவதென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். இன்று நன்னாரி சர்பத் குடித்தேன், அது போதாதென்று டீக்கும் ஆசைப்பட்டேன். மனுஷனுக்கு இதைவிட என்ன கொண்டாட்டம் வேண்டும்?

கனி பெண்கள் பக்கம் போயிருந்த நேரத்தில் நானே உருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடைப் பலகை என் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்வாக இருக்கிறது. "மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி." இந்த வாக்கியத்தைச் சொல்லி எத்தனை நாளாயிற்று! இத்தனை நாளும் டீ என்பது யாராவது கொண்டுவந்து கையில் கொடுப்பதாகத்தான் இருந்தது.

திரும்பினால் கனி ஓடி வருகிறாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சொல்லிட்டுப் போவக் கூடாதா? ஒரு நிமிசம் திரும்புததுக்குள்ள..."

"டீ வாங்கத்தான பிள்ள வந்தேன். இந்தா, சீனி கம்மி."

இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை கைப்பிடிக்குப் போய்விட்டது. ஆறுகிற வரைக்கும் பொறுக்க வேண்டும், ஆற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும். பாதி டீயைப் புடவையில் சிந்தினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கினேன். நாங்கள் முதல் டிரிப் எடுக்கும் முன்னால் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்போம். தரை சரிவாக இருந்தால் பழம் உருண்டு போய்விடும். கிளீனர் கல்லை அண்டை கொடுத்து வைப்பான். இங்கே மஞ்சள் கட்டத்துக்குள் குனிந்து பழத்தைத் தரையில் வைத்தேன். அசையவில்லை.

"பாத்தியா? பழமே உருளல. இதுல பிரேக் போட்ட வண்டி எப்படி உருளும்?"

அவள் மேடையைப் பார்த்தபடி சொன்னாள். "பழத்துக்கு ஊருல பேரு கெடாது."

வில்லுப்பாட்டு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மே 19, திங்கள்

இரண்டு நாளாக அதே வார்த்தை காதுக்குள் நிற்கிறது. எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் கோயில் கொடைத் திருவிழா. அப்போது இருந்தது இரவல் வண்டி, பிரேக் தேய்ந்தது. இன்னிசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கனி ஒரு நிமிஷம் கைப்பிடியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். வண்டி சரிவில் உருண்டு பஞ்சுமிட்டாய்க்காரன் சைக்கிளில் போய் இடித்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் பஞ்சுமிட்டாய். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் அக்கா சந்தனமாரி சிரிக்கவில்லை. அத்தனை சொந்தபந்தத்துக்கு நடுவில் கத்தினாள்: "புருசன விட்டுட்டு வாயப் பொளந்து பாட்டுக் கேக்கா பாரு!" கூட்டம் மொத்தமும் கனியைத் திரும்பிப் பார்த்தது. சித்தி ஒருத்தி "பாவம் அவன்" என்று உச்சுக் கொட்டினாள்.

அன்றைக்குப் பிடித்த கைப்பிடி. புது வண்டி வந்தும் விடவில்லை. வீட்டு வாசலில் நின்றால்கூடப் பிடித்துக்கொள்கிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் கனியை முதலில் பார்த்ததே ஒரு கொடைக் கச்சேரியில்தான். எனக்கு முன் வரிசையில் இருந்து ஒரு விசில். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து அடிக்கிற அசல் விசில். எவன்டா அது என்று எட்டிப் பார்த்தால் பாவாடை தாவணி! "கட்டுனா இந்தப் பிள்ளையத்தான் கட்டணும்" என்று அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன், விசிலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் போகாத கச்சேரி இல்லை. அவள் விசிலுக்குப் பாடகர்கள் பாட்டை நிறுத்திக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கொடைக்குப் பிறகு அவள் விசிலடிக்கவில்லை. விசிலுக்கு வலது கை வேண்டும்.

மே 24, சனி

கோடை மழை. நிகழ்ச்சி ரத்து என்று ஜெனோவா போன் பண்ணிச் சொன்னாள். அடுத்த வாரம் இன்னிசைக் கச்சேரியாம்.

சந்தனமாரி அக்காவுக்குப் போன் போட்டேன். பாவம், அத்தான் போன பிறகு அவளும் எங்கேயும் போவதில்லை. கடல் காற்று மூட்டுவலிக்கு நல்லது. வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 26, திங்கள்

கனி முகம் கொடுத்துப் பேசவில்லை. தோசை கருகியிருந்தது, கேட்கவில்லை. மத்தியானம் வாயைத் திறந்தாள்.

"மதினிய எதுக்குக் கூப்பிட்டிய?"

"கூடப் பொறந்தவளக் கூப்பிடக் கூடாதா?"

"நான் வரல. நீங்களும் ஒங்க அக்காவும் போயிட்டு வாங்க."

"அப்ப வண்டிய யாரு தள்ளுவா?"

அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரம் விழுகிற சத்தம்தான் கேட்டது.

மே 29, வியாழன்

இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவும் நடக்காவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது.

மே 30, வெள்ளி

கனி பச்சைக் கரை போட்ட புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

மே 31, சனி

முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் கை தாறுமாறாக ஓடும்.

அக்கா ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து இறங்கினாள். அரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "நல்லாத்தாம்ல கட்டியிருக்கான்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது பரிசு வாங்கியது மாதிரி. மஞ்சள் கட்டத்தில் வண்டியை நிறுத்தினோம். நான் பிரேக்கைப் போட்டேன். கனி வழக்கம்போலக் கைப்பிடியில் கை வைத்தாள்.

"அக்கா, கனிக்குத் தோளு வலி. இன்னிக்கு ஒரு நாளு நீ பிடிச்சுக்கோ" என்றேன்.

கனி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தோள்வலி என்று அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிடிக்காம? தம்பிய விட்டுருவனா? நீ இப்படித் தள்ளி உக்காரு கனி."

ஜெனோவா எனக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டாள். கனிக்கு என் பக்கத்து நாற்காலி. கச்சேரி ஆரம்பித்தது.

முதல் பாட்டுக்கு அக்கா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இரண்டாவதுக்கு ஒரு கை. அடுத்ததற்குக் கை மாறியது. பிறகு கொசு கடித்தது. பிறகு மூக்குக்கண்ணாடி நழுவியது. முறுக்குப் பை காலடியில் இருந்தது, எட்டவில்லை. மிளகாய் பஜ்ஜி சுடச்சுட வந்தது. எல்லோரும் எடுத்தார்கள், அக்கா ஒற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊதினாள், சட்னியைத் தொட வழியில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பஜ்ஜி ரொம்ப நன்றாக இருந்தது.

கனிக்கோ கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், புடவையை நீவினாள், இரண்டு தடவை கைப்பிடிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

கடைசியில் அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்.

"ஏல, பிரேக்கு போட்டிருக்குல்லா?"

"போட்டிருக்கு."

"தரையும் சமமாத்தான இருக்கு?"

"சமந்தான்."

"பின்ன என்ன எழவுக்குல நான் இதப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்? கையி மரத்துப் போச்சு!"

"ஒரு கச்சேரிக்கே ஒனக்கு மரத்துப் போச்சு. இவ ஒரு வருசமாப் பிடிச்சிருக்கா. எதுக்குன்னு அவகிட்டயே கேளு."

அக்கா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும், எங்கள் குடும்ப ரோஷம். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் தட்டில் இருந்த பஜ்ஜியைக் கனி கையில் வைத்தாள்.

"தின்னுட்டி. வண்டி எங்கயும் ஓடாது. அன்னிக்கு நான் நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

கனி தலையை மட்டும் ஆட்டினாள். மூக்கை உறிஞ்சினாள். நானும் மூக்கைத் துடைத்தேன், சட்னி காரம் என்று சொல்ல முடியாது, தேங்காய்ச் சட்னி.

அப்போது பார்த்துக் கச்சேரிக்காரன் ஒரு பழைய குத்துப் பாட்டை எடுத்தான். தவில் இறங்கியதும் கூட்டம் எழுந்துவிட்டது. இந்தத் தளம் கொஞ்சம் உயரம் என்பதால் எனக்கு யாரும் மறைக்கவில்லை. நான் மேடையைப் பார்க்கவில்லை. கனியைப் பார்த்தேன். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அக்கா "என்னட்டி செய்யுத?" என்றாள். கனி விரலை நனைத்து மறுபடி வைத்தாள்.

அடித்தாள் பாருங்கள் ஒரு விசில்! முன்னால் மூன்று வரிசை திரும்பியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பாடகன் பாட்டை நிறுத்தாமலே இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டான். "ஆத்தாடி, இவளா?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். "இவதான்" என்றேன். அதற்குள் அடுத்த விசில்.

கச்சேரி முடிந்தது. கனியும் அக்காவும் எழுந்து பேசிக்கொண்டே நடந்தார்கள். எந்தப் பாட்டு நன்றாக இருந்தது, பாடின பெண் கட்டியிருந்த புடவை எந்த ஊர்ச் சரக்கு, அக்காவுக்கு விசில் கற்றுக்கொடுக்க முடியுமா. பேச்சு சுவாரஸ்யத்தில் சாய்தளத்தில் இறங்கிப் போயே விட்டார்கள். என்னைத் தள்ள யாருமில்லை.

நான் பிரேக்கை எடுத்தேன். இரண்டு சக்கரத்தையும் உள்ளங்கையால் லேசாகத் தடுத்துத் தடுத்து இறக்கினேன். வளைவில் ஒடித்தேன். சமதளத்தில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். உள்ளங்கை சுட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நானே ஓட்டிய டிரிப். என் பெண்டாட்டி என்னைச் சுத்தமாக மறந்துவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கேட்டில் ஆசீர் ஆட்டோவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஐயையோ, இவுகள..." என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

கனிக்கு உதடு வீக்கம். எனக்கு உள்ளங்கையில் கொப்புளம். மீன் வாங்கவில்லை. முறுக்கு மிச்சம் இருக்கிறது.